பெட்டியில் பதினோரு அம்புதான் இருக்கும்

கண்ணு,

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அம்புகளை எண்ணுவாய், எனக்குத் தெரியும். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருக்கும். பஸ்ஸில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று கண்டக்டரோடு மல்லுக்கு நிற்காதே. மீதி ஒன்று நம் மரவள்ளிக் காட்டில்தான் எங்கேயோ கிடக்கிறது. அதை அங்கே அனுப்பியவன் உன் மாமன். அவன் கையில் வில்லைக் கொடுத்தவள் நான். ஏன் கொடுத்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு. பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டினால் பாதித் திட்டுதான் எனக்கு வந்து சேரும். எனக்குச் சேர வேண்டியது முழுசு.

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. இதுவரை எழுதியதெல்லாம் தையல் கடை அளவு நோட்டில்தான். மார்பு இத்தனை, இடுப்பு இத்தனை, கை நீளம் இத்தனை, முதுகில் ஜன்னல் வேண்டும், வேண்டாம். அதனால் இந்தக் கடிதமும் கொஞ்சம் அளவு எடுக்கிற மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நேரில் நான் எதை ஆரம்பித்தாலும் கேலியில்தான் முடியும். உன் கல்யாணப் பேச்சை எடுத்த அன்றுகூட, இவனுக்குச் சட்டை தைத்தே என் கண் பூத்துப்போச்சு, இனி வருகிறவள் தைக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். நீ தட்டோடு எழுந்து போய்விட்டாய். கல்யாணப் பேச்சு போனால் போகட்டும், அது ஆறு மாதம் கழித்தும் திரும்பி வரும். இது அப்படித் தள்ளிப்போட முடியாத விஷயம்.

இன்னொன்று. படித்து முடித்ததும் இதை மடித்து ஒளித்து வைக்காதே. வில் பயிற்சி முகாமில் உன்னோடு இருக்கிற பையன்கள் கேட்டால் கொடு. உங்கள் சாரிடம் கொடு. சுவரில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம். நாலு வருஷத்துக்கு முன்னால் பத்துப் பேர் நடுவில்தான் உன்னை, கை திருகுது என்று சொன்னார்கள். அதனால் பத்துப் பேர் படிப்பதுதான் முறை. அந்தப் பத்துப் பேரில் வில்லைத் தொடாத ஆளும் இருக்கலாம். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று முகத்தைத் தூக்காதே.

காம்பவுண்ட் வில் என்பது இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில். அதன் நாணில், கண்ணுக்கு நேராக வருகிற உயரத்தில், இழைகளுக்கு நடுவே ஒரு சின்ன வளையம் செருகியிருக்கும். பீப் என்பீர்கள். சட்டைப் பொத்தான் அளவுதான். நாணை இழுத்துக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்ததும் அந்த ஓட்டை வழியாகத்தான் இலக்கைப் பார்க்க வேண்டும். வளையம் கண்ணைப் பார்த்து நின்றால் ஓட்டை வட்டமாகத் தெரியும். பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் வெறும் கோடுதான் தெரியும், இலக்கு தெரியாது. நாண் என்பது முறுக்கிய நூல். இழுத்தால் முறுக்கு அசையும், முறுக்கு அசைந்தால் வளையமும் கூடவே சுற்றும். புது நாண் என்றால் கேட்கவே வேண்டாம். இழைகள் ஒன்றோடு ஒன்று பழகி உட்காருகிற வரைக்கும் வளையம் இன்றைக்கு ஒரு பக்கம் பார்க்கும், நாளைக்கு ஒரு பக்கம் பார்க்கும். செம்மேட்டில் வில் பிடித்துக்கொண்டு நிற்கிற ராஜா சிலைக்கு இந்த வளையமும் கிடையாது, இந்த ரோதனையும் கிடையாது. அதனால்தான் இத்தனை வருஷமாக அப்படியே நிற்க முடிகிறது.

அன்றைக்கு நடந்ததை உன் பக்கத்திலிருந்து நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். என் பக்கத்தை இப்போதுதான் சொல்கிறேன். மலைக்குக் கீழே மைதானத்தில், விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிற தேர்வுப் போட்டி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், சேந்தமங்கலம் பட்டறையில் பழைய ஜாக்கியை வைத்து நீ செய்து வாங்கி வந்த, வில்லை அமுக்கிப் பிடிக்கிற பிரஸ்ஸில் வில்லை மாட்டி, நாணைத் தளர்த்தி வைத்திருந்தாய். புது நாண் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அடித்து அடித்து அதைப் படிய வைத்துவிட்டாய். நாணின் கீழ்முனையில் அரை முறுக்கு கூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் அரை முறுக்கு கூட்டி, கடைசியில் வளையம் உன் கண்ணுக்கு நேராக வந்தது. அது நகராமல் இருக்க மேலும் கீழும் நூல் கட்டுப் போட வேண்டும். கட்டுப் போடுவதில் உனக்குக் கை வராது, மரவள்ளி மூட்டை கட்டுகிற மாதிரி கட்டுவாய். அதனால் என்னைக் கூப்பிட்டாய்.

"அம்மா, கட்டு மட்டும் போடு. வளையத்தத் தொட்டுராத."

"தொட்டா தீட்டா?"

"தீட்டில்லம்மா. அது அப்பிடித்தான் இருக்கோணும்."

"சரிங்க சார், உத்தரவுங்க சார்."

அந்த நேரம் பார்த்து உனக்கு போன் வந்தது. ஊட்டுக்குள் சிக்னல் நிற்காது என்று ரோட்டோரப் பலா மரத்துக்கு ஓடினாய். நான் தனியாக வளையத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கோணலாக இருந்தது. முப்பது வருஷமாகப் பொத்தான் ஓட்டை கட்டுகிறவள் நான். ஒரு ஓட்டை கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பையன் அவசரத்தில் விட்டுவிட்டான், போட்டி மைதானத்தில் நாலு பேர் பார்த்தால் இது யார் கட்டியது என்று கேட்பார்களே என்று நினைத்தேன். நாண் தளர்வாகத்தான் இருந்தது. வளையத்துக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு இழை, அந்தப் பக்கம் பன்னிரண்டு இழை. ஊசியின் மழுங்கின பக்கத்தைக் கொடுத்து அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு இழையை மெதுவாக இந்தப் பக்கம் தள்ளினேன். வளையம் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி நேராகத் திரும்பியது. அதற்கு மேல் கட்டுப் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கட்டுப் போட்டதில்லை. நீ வந்து கட்டை மட்டும் பார்த்துவிட்டு, கட்டு சூப்பரும்மா என்றாய். இழுத்துப் பார்க்க வெளியே போவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது, முற்றத்துக் கோழிகூடத் தெரியவில்லை. வில்லைப் பெட்டியில் வைத்தாய். விடிந்ததும் முதல் பஸ்.

எனக்குத் தெரியாத ஒன்றை நீ தெரிந்து வைத்திருந்தாய். சும்மா இருக்கும்போது வளையம் கோணலாக இருந்ததே, அதுதான் சரி. இழுக்கும்போது நாண் கால் சுற்று சுற்றும். சுற்றி வந்து உன் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும் என்றுதான் அதைச் சுவரைப் பார்க்க வைத்திருந்தாய். நான் சும்மா இருக்கும்போது நேராக்கினேன். அதனால் நீ இழுத்தபோது அது கால் சுற்று தாண்டிப் போய்த் திரும்பிக்கொண்டது. மைதானத்தில் பெட்டியைத் திறந்து வளையம் நேராக நிற்பதைப் பார்த்ததும், புது நாண் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாயாம். இழுத்தால் கோடு. மறுபடி இழுத்தால் மறுபடி கோடு. அப்போது உங்களுக்குப் பயிற்சி கொடுத்த சாரிடம் காட்டினாய். அவர் வில்லைக் கையில் வாங்கி, சும்மா இருக்கிற நாணைப் பார்த்தார். வளையம் கோவில் கொடிமரம் மாதிரி நேராக நின்றது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் பார்த்த மாதிரியேதான் அவரும் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் நீ வந்து கடை வாசலில் பெட்டியை வைத்ததும் நான் கேட்டேன்.

"என்ன கண்ணு?"

"கை திருகுதும்மா."

"யாரு கை?"

"என்ற கைதான். வளையம் நேராத்தான் இருக்கு, நீதான் பயத்துல மணிக்கட்டத் திருப்பறேன்னு சார் சொன்னாரு. எல்லாரும் இருக்கறப்பவே சொன்னாரு. நான் திருப்பாத மாதிரிதான் இருந்துச்சு. ஆனா திருப்பியிருப்பேனாட்ட இருக்குது."

அப்போது என் கையில் ஊசி இருந்தது. அதே ஊசிதான். நான் தள்ளின இழைகள் ஞாபகத்துக்கு வந்தன, அது உண்மை. ஆனால் இரண்டு இழைக்கும் உன் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கைக்கு எண்ணெய் தேய்ச்சு உடறேன் வா என்றேன். ஒரு குற்றமும் செய்யாத உன் மணிக்கட்டுக்கு ஒரு வாரம் விளக்கெண்ணெய் தேய்த்தேன். நீயும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இதை நினைத்தால் சில நாள் எனக்குச் சிரிப்பு வரும். சில நாள் வராது.

எப்போது புரிந்தது என்று கேட்பாய். ஆறேழு மாதம் கழித்து. தர்மபுரிப் பக்கத்திலிருந்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த டீச்சர் ஒருத்தருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தேன். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, அச்சில் வார்த்த மாதிரி இருக்கு என்று சொல்லி வாங்கிப் போனவர் மறுநாளே திரும்பி வந்தார்.

"அக்கா, நிக்கறப்ப நல்லாதான் இருக்கு. போர்டுல எழுதக் கையத் தூக்கினா அக்குள்ல பிடிக்குது. பசங்க சிரிக்கறாங்க."

"எங்க, தூக்கிக் காட்டுங்க டீச்சர்."

தூக்கினார். ரவிக்கை முழுதும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கையைத் தொங்கவிட்டார், மறுபடி அச்சில் வார்த்த மாதிரி வந்து நின்றது. தூக்கினால் திரும்புகிறது, விட்டால் நேராகிறது. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். என்னக்கா ஆச்சு என்றார் டீச்சர். ஒண்ணுமில்லீங்க, அளவு எடுக்கறப்பக் கையத் தூக்கச் சொல்லாம உட்டுட்டனுங்க என்றேன். அவருக்குச் சொன்ன பதில்தான், ஆனால் உனக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதேதான். தொங்கவிட்ட கையைப் பார்த்து அளவெடுத்தேன், தொங்குகிற நாணைப் பார்த்து நேராக்கினேன். இரண்டும் ஒரே தப்பு. டீச்சருக்கு அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். உனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதை எழுதத்தான் நாலு வருஷம் ஆகியிருக்கிறது. டீச்சர் வந்த அந்த நாளுக்குள் நீ ஜீப் ஓட்ட ஆரம்பித்திருந்தாய். காலையில் வாசலூர்பட்டி படகுத் துறைக்கு டூரிஸ்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவாய், மதியம் ஒரு மணிக்குச் சரியாக வந்து கடை முன்னால் ஜீப்பை நிறுத்துவாய். கட்டிங் டேபிளில் துணியை ஒதுக்கிவிட்டு இரண்டு பேரும் சாப்பிடுவோம். படகில் ஏறப் பயந்து கத்தின ஆளைப் பற்றிச் சொல்வாய். பலாப்பழத்தைத் தோலோடு கடித்துப் பார்த்த ஆளைப் பற்றிச் சொல்வாய். நான் சிரித்து எனக்குப் புரை ஏறும். நீ தேர்வாகியிருந்தால் விடுதிக்குப் போயிருப்பாய், அந்த ஒரு மணிச் சோறு எனக்குக் கிடைத்திருக்காது. சொன்னால் நீ மறுபடியும் வில்லை எடுப்பாய், எடுத்தால் போய்விடுவாய். அதனால் சொல்லவில்லை. கணக்கு இவ்வளவுதான், இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. நான் பாவி என்று மாரில் அடித்துக்கொண்டு எழுதினால் உனக்கும் பிடிக்காது, எனக்கும் வராது. நாலு வருஷம் உன்னோடு சோறு தின்றேன், அதற்கு உன் கையை விலையாகக் கொடுத்தேன். சோறு நன்றாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் முகாமுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. ஒரு மாதப் பயிற்சி, முடிவில் தேர்வு. கூப்பிடுவார்கள் என்று நீயே நினைக்கவில்லை. வில்லைத் தூசி தட்டி எடுத்து, புது நாண் வாங்கிப் போட்டு, பழைய நாணைக் கழற்றி என் பக்கம் வீசினாய். கொடி கட்ட ஆகும், வெச்சுக்கோ என்றாய். அதில் நான் போட்ட கட்டு அப்படியே இருந்தது. அன்றைக்கு நீ ஜீப் எடுத்துக்கொண்டு போனதும் கட்டைப் பிரித்து வளையத்துக்கு இரண்டு பக்கமும் இழையை எண்ணினேன். எண்ணாமலே தெரியும், இருந்தாலும் எண்ணினேன். ஒரு பக்கம் பதினாலு, ஒரு பக்கம் பத்து. அந்த நாணைக் கொடி கட்டவில்லை. சுருட்டி, இந்தப் பெட்டியிலேயே அடியில் வைத்திருக்கிறேன். நான் கதை கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டு.

புது நாணிலும் வளையம் திரும்ப ஆரம்பித்தது. திரும்பத்தானே செய்யும், நீ அடித்ததே முப்பது நாற்பது அம்பு, மிச்ச நாளெல்லாம் மழை. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் நீ நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வில்லைக் கீழே வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது சொன்னாய்.

"மறுபடியும் கைதாம்மா. முகாமுக்குப் போறேன், வரச் சொல்லிட்டாங்க. ஒரு வாரம் பாப்பேன். திருகுச்சுன்னா வில்ல அங்கயே எவனுக்காச்சும் குடுத்துட்டு வாரேன்."

நான் ஒரு கேலியும் செய்யவில்லை. அப்போதே நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்குள் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். நான் சும்மா சொன்னால், என்னைத் தேற்றுவதற்காக அம்மா தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்று நினைப்பாய். பெற்றவள் சொல்லுக்கு இந்த விஷயத்தில் மதிப்புக் குறைவு. அதனால் இன்னொரு கையைத் தேடினேன்.

சனிக்கிழமை நீ ஷூ வாங்கச் சேந்தமங்கலம் இறங்கிப் போனாய் அல்லவா? என் தம்பி, அதாவது உன் மாமன், இதே மலையில் இருக்கிற குண்டூர் நாட்டிலிருந்து வாழைத்தாரோடு வந்தான். உன் உயரம், உன்னைவிடப் பெரிய புஜம். பலா மரத்தில் எட்டு ஆள் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பீடி பற்ற வைக்கிற கை. எந்தப் போட்டிக்கும் போகாத கை, எந்த சாரும் எதுவும் சொல்லாத கை. பயத்தில் திருகுகிற கை அல்ல அது, பயம் என்றால் என்னவென்று கேட்கிற கை. கொட்டகைக்குப் பின்னால் உன் இலக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்பு இல்லாமல் இழுத்து விட்டுவிட்டால் வில் உடைந்துவிடும் என்று நீ சொல்லியிருக்கிறாய், அதனால் அம்பும் மாட்டினோம். நாணைக் கவ்விக்கொண்டு, பித்தானைத் தொட்டால் விட்டுவிடுகிற உன் பிடியையும் அவன் கையில் மாட்டினேன்.

"என்னக்கா, இந்த வயசுல என்னையப் போட்டிக்கு அனுப்பறயா?"

"உன்னைய அனுப்புனா இலக்கத்தான் வேற ஊருக்கு மாத்தோணும். பேசாம கண்ண மூடிட்டு இழு."

"கண்ண மூடிட்டா?"

"ஆமா. கன்னத்துல வெச்சதுக்கப்பறம் தொற. என்ன தெரியுதுன்னு சொல்லு. பித்தானத் தொட்டுராத."

இழுத்தான். முகம் பீட்ரூட் மாதிரி ஆனது. கண்ணைத் திறந்தான்.

"என்னடா தெரியுது?"

"கதவுச் சந்து தெரியுது."

"வட்டமா ஓட்ட தெரியலயா?"

"ஓட்டையுமில்ல ஒண்ணுமில்ல. ஒரு கோடு. சந்துதாங்கறேன். யாரூட்டுக் கதவுன்னு மட்டும் கேக்காத."

நான் பின்னால் நின்று வளையத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் கால் சுற்று திரும்பியிருந்தது. வியாழக்கிழமை நீ இழுத்தபோதும் அதே வலப்பக்கம், அதே கால் சுற்று. பதமாகத் தளர்த்தச் சொல்லி, மறுபடியும் இழுக்கச் சொன்னேன். மறுபடியும் சந்து. இன்னும் ஒரே ஒரு தடவை என்றேன், அதுதான் என் பேராசை. மூன்றாம் தடவை அவன் விரல் பித்தானில் பட்டுவிட்டது. அம்பு இலக்குக்கு மேலே ஒரு முழம் விட்டு, வேலியைத் தாண்டி, மரவள்ளிக்குள் போய் மறைந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. காட்டில் யாரும் இல்லை. உன் மாமன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, எப்படிக்கா என்று கேட்டான். எப்படியாம்!

அம்பு தேட உன் அப்பாவையும் கூப்பிட வேண்டியதாயிற்று. எதற்கு அம்பு காட்டுக்குள் போனது என்று அவர் கேட்க, நான் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்ல, பிறகு முரண் இல்லாமல் எல்லாவற்றையும் சொல்ல, அவர் மரவள்ளிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏனுங்க, ஏதாச்சும் சொல்லுங்க என்றேன். ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசுகிற மனுசன் என்பது உனக்கே தெரியும்.

"ஏபுள்ள, நீ சொல்றயா, நான் சொல்லட்டா?"

இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட நீளமான கேள்வி அதுதான். நானே சொல்கிறேன் என்றேன். அம்பு கிடைக்கவில்லை. மரவள்ளி பிடுங்கும்போது கிடைக்கும்.

இனிமேல் நீ என்ன செய்ய வேண்டும் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாலு வருஷமாகக் கை கை என்று கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்திருப்பாய் என்பதற்காகச் சொல்கிறேன். முதலில் நாண் உட்காரட்டும். நூறு அம்பாவது அடி, அதுவரைக்கும் வளையம் எந்தப் பக்கம் பார்த்தாலும் அதை ஒன்றும் சொல்லாதே, புது இடத்துக்கு வந்த மருமகள் மாதிரி அதற்கும் நாள் வேண்டும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு இழு, கன்னத்தில் வைத்த பிறகு திற. ஓட்டையைத் தேடிக் கழுத்தைத் திருப்பாதே, மணிக்கட்டைத் திருப்பாதே. ஓட்டை உன்னைத் தேடி வரட்டும். வரவில்லை என்றால் முகாம் பிரஸ்ஸில் மாட்டி (பிரஸ் இல்லாமல் நாணில் கை வைக்காதே) ஒரு முனையில் அரை முறுக்கு, நாண் ஏற்கெனவே முறுக்கியிருக்கிற பக்கமாகவே கூட்டு. இழுத்துப் பார். போதவில்லை என்றால் இன்னும் அரை. முறுக்கு கூடினால் நாண் துளி குறுகும், வளையத்தின் உயரமும் சக்கரத்தின் குறியும் பழைய இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இதெல்லாம் நீயே அன்றைக்குச் சரியாகச் செய்ததுதான். உன் வேலை அப்போதும் சரி, உன் கை அப்போதும் சரி. நடுவில் ஒருத்தி வந்து அழகு பார்த்தாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள், இது வில்லுக்கு மட்டும் இல்லை. எது பிசகினாலும் உடனே உன் கையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் உனக்கு இருக்கிறது. ஜீப் வழியில் நின்றால், நான்தான் சரியாப் பாக்கல என்பாய். மழை வந்து மிளகு நனைந்தால்கூட, நான்தான் வாரியிருக்கோணும் என்பாய். நல்ல பிள்ளை என்று ஊரில் பேர் வாங்க அது உதவும். அம்பு அடிக்க உதவாது. அடுத்த தடவை எது திரும்பினாலும், இதை யார் தொட்டது என்று ஒரு வார்த்தை கேள். சத்தமாகவே கேள். முதலில் என்னைக் கேள். உன் மேல் ஆசையாக இருக்கிறவர்கள்தான் உன் சாமானைத் தொடுவார்கள், ஆகாதவன் எதற்குத் தொடப் போகிறான்?

அப்படி எல்லாம் சரி பார்த்தும் இலக்கில் படவில்லை என்றால் படவில்லை. திரும்பி வா, ஜீப் இருக்கிறது, ஒரு மணிக்குச் சோறும் இருக்கிறது. தோற்றுத்தான் வருவாய் என்றால் உன் தோல்வியாக இருக்கட்டும், என்னுடையதைச் சுமந்துகொண்டு வராதே. வரவில்லை என்றாலும் பாதகமில்லை. நாளையிலிருந்து உன் அப்பா மதியம் கடைக்கு வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் கட்டிங் டேபிளுக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து அவருடைய இரண்டு வார்த்தைக்காகக் காத்திருப்போம். எனக்குப் புரை ஏறாது, அது ஒரு சௌகரியம்.

வளையத்தை நான் தொடவில்லை. வியாழக்கிழமை நீ வைத்தது வைத்தபடி இருக்கிறது. வேண்டுமானால் இழையை எண்ணிப் பார், பன்னிரண்டும் பன்னிரண்டுமாக இருக்கும். பெட்டி ஓரத்தில், அம்பு இருக்க வேண்டிய பன்னிரண்டாவது இடத்தில், ஒரு நூல்கண்டு வைத்திருக்கிறேன், மெழுகு போட்ட கெட்டி நூல். வளையம் உன் கண்ணுக்கு நேராக வந்ததும் நீயே கட்டுப் போட்டுக்கொள். மரவள்ளி மூட்டை மாதிரிதான் வரும். வரட்டும், இறுக்கமாக இருந்தால் போதும்.

ஊசி வைக்கவில்லை.

அம்மா